எடைக்காக இளைத்த கெஸ்டர் ஆல்டர்சன்

இங்கிலாந்தில், மிடில்ஹம் மேட்டுவெளியில் குதிரை ஓட்டியவர்களில் கெஸ்டர் ஆல்டர்சன் அளவுக்கு ஜெயித்தவன் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. யார்க்‌ஷயர் முழுக்க அவன் பேர் தெரியும். சாராயக்கடைச் சுவரில் அவன் முகத்தைக் கரியால் வரைந்து வைத்திருந்தார்கள். மூக்கு மட்டும் அவனுடையதாக இருக்கும். அவன் ஜெயித்துவிட்டு வந்தால் ஊர்க்காரர்கள் தாங்களே ஏறி ஓட்டிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிவதில்லையே, ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அது அவன் பெண்டாட்டி டார்கஸின் பாடு.

டார்கஸ் வாடகைக் குதிரை லாயக்காரரின் மகள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் குதிரைகளைச் சேணம்கூடப் போடாமல் ஆற்றுக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிக்கொண்டு போனவள். கெஸ்டரைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த முதல் நாளே அவன் ரொட்டிப் பெட்டியைப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தான். வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னான்.

“பந்தயம் இருக்கிற மாசத்துல நான் கேட்டாக் குடுக்கக் கூடாது. திட்டினாலும் குடுக்கக் கூடாது. அழுதாலும் குடுக்கக் கூடாது. சொல்லு புள்ள.”

“இப்படியா ஒரு கல்யாணச் சத்தியம்?” என்று அவள் சிரித்தாள். ஆனாலும் சத்தியம் செய்தாள். புதுசில் எல்லாமே வேடிக்கையாகத்தான் இருக்கும்.

கெஸ்டர் பிறவியிலேயே சின்ன உடம்புக்காரன் இல்லை. அதுதான் அவன் தலைவிதி. அவன் அப்பா ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த ஆள், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாராம். பால் பல் விழுகிற வயதில் பையனைக் கொண்டுவந்து பண்ணையார் பெனக்கின் குதிரை லாயத்தில் சாணி அள்ள விட்டுவிட்டுப் போனார். பையன் அங்கே பட்டினியால் வளராமல் நின்றான். வளராமல் நின்றதால் குதிரைமேல் ஏற்றினார்கள். ஏறியதும் ஜெயித்தான். அதற்குப் பிறகு அவன் வளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

அன்றைய பந்தயம் இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற காரியம் இல்லை. நாலு மைல் ஓட வேண்டும். ஓடி முடித்து, குதிரையைத் துடைத்துவிட்டு, அதே குதிரையில் அதே ஆள் மறுபடி நாலு மைல். ஏதாவது ஒரு குதிரை இரண்டு ஓட்டம் ஜெயிக்கிறவரைக்கும் விட மாட்டார்கள். பக்கத்தில் வருகிறவனை முழங்காலால் இடிக்கலாம், சாட்டையால் முகத்தில் விளாசலாம்; அதெல்லாம் ஆட்டத்தில் சேர்த்திதான். கெஸ்டர் ஒருமுறை ரிப்பன் ஊர்ப் பந்தயத்தில் ஒருவன் கண்ணைக் கெடுத்துவிட்டான். அதற்குப் பிறகு வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த ஒற்றைக்கண்ணனுக்கு ஆட்டுத் தொடை ஒன்று அனுப்பி வைப்பான். தான் வாயில் வைக்க முடியாத தொடை. “அவனாவது தின்னட்டும்” என்பான். இதைப் பாவமன்னிப்பு என்பதா பொறாமை என்பதா, டார்கஸுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இடிக்கலாம், அடிக்கலாம் என்று இருந்தாலும் சில விஷயங்களில் கறாராக இருந்தார்கள். மேட்டுவெளியின் கோடியில் ஒரு திருப்பக் கம்பம் நட்டிருக்கும். அதற்கு வெளிப்பக்கமாகத்தான் சுற்றிப் போக வேண்டும். உள்பக்கமாகப் போனவன் திரும்பி வந்து ஒழுங்காகச் சுற்றினால்தான் ஓடியது கணக்கு. ஓட்டியவன் இறங்கியதும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஜெயித்ததும் போச்சு. கூடினால் கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தச் சுமையில் குதிரை தளர்ந்து தோற்றுப்போகும். வழியில் அவன் விழுந்துவிட்டால், விழுந்த அதே இடத்தில் வேறு யாராவது ஏறிக் குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். யார் என்று கேள்வி இல்லை. தராசில் எடை குறையக் கூடாது, அவ்வளவுதான். குதிரைதான் ஓடுகிறது, மேலே இருப்பது வெறும் பாரம் என்பது பெரிய மனிதர்களின் எண்ணம். அதை அவர்கள் மறைத்ததும் இல்லை.

அந்தப் பாரம் கூடாமல் பார்த்துக்கொள்ள கெஸ்டர் பட்ட பாட்டை டார்கஸ் கூடவே இருந்து பார்த்தாள். கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு, கோடை வெயிலில் அடுத்த ஊர்ச் சத்திரம்வரை நடப்பான். அங்கே கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துவிட்டு நடந்தே திரும்புவான். வீட்டுக்கு வந்தால் அவள் அந்தச் சட்டைகளைப் பிழிந்து காயப்போட வேண்டும். சாப்பாடு என்று காய்ந்த ரொட்டி ஒரு துண்டு, காடி கலந்த தண்ணீர். வீட்டில் எதையும் வேகவைக்க முடியாது, வாசனை அவனைக் கொன்றுவிடும். அவளும் மகள் சூக்கியும் பக்கத்து வீட்டில் சமைத்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, திருடித் தின்கிற மாதிரி தின்றார்கள். வாயைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார்கள். சூக்கிக்கு ஆறு வயதுதான். அப்பா முன்னால் ஆப்பிள்கூடக் கடிக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாற்பதை நெருங்கியபோது கெஸ்டரின் எலும்பு அப்பாவின் எலும்பாக மாறத் தொடங்கியது. தோள் அகன்றது. சட்டை பிடித்தது. காற்றைக் குடித்தாலே உடம்பு வைத்தது. “குதிரைக்கு வயசானாச் சுட்டுடுறாங்க, நமக்கு வயசானா நிறுத்துப் பாக்குறாங்க” என்று சாராயக்கடையில் சொல்லிச் சிரிக்க வைப்பான். எல்லோரும் குடிப்பார்கள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வருஷம் வசந்தத்தில் பண்ணையார் பெனக் அவனைக் கூப்பிட்டு விட்டார். வெள்ளிக் கிண்ணப் பந்தயத்துக்குப் பெக் என்ற சாம்பல்நிறப் பெட்டைக் குதிரையைத் தயார் செய்திருந்தார்கள். அது கெஸ்டரைத் தவிர வேறு யாரையும் முதுகில் வைத்துக்கொள்ளாது என்று லாயத்தில் பேச்சு.

“இது ஒண்ணு ஜெயிச்சுக் குடு, கெஸ்டர். அப்புறம் நீ ஏறவே வேணாம். லாயத்துக்கு நீதான் மேலாள். வீடு உன் ஆயுசுக்கும் உனக்கு” என்றார் பண்ணையார்.

அவர்கள் இருந்த வீடு பண்ணையாருடையது. ஓட்டுகிறவன் ஓட்டுகிற வரைக்கும்தான் அது அவர்களுக்கு. மேலாள் வேலை கிடைத்தால் கூரை நிலைக்கும், ஆளும் சாப்பிடலாம். வீட்டுக்கு வந்ததும் கெஸ்டர் சொன்ன முதல் விஷயம் வீட்டைப் பற்றி இல்லை.

“ஜெயிச்ச அன்னிக்குச் சாயங்காலம் ஆட்டுக் கொழுப்புல சுட்ட பணியாரம். ஒரு சட்டி நிறைய. நீயும் சூக்கியும் எதிர்ல உக்காந்து சாப்பிடணும். கொட்டகைக்குப் பின்னாடி இல்ல, எதிர்ல.”

எடை இறங்கவில்லை. நடந்தான், வியர்த்தான், பேதிக்குக் குடித்தான், இறங்கவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் காலை எருக்குழியில் இறங்கினான். இதுவும் அந்தக் காலத்துக் குதிரையோட்டிகளுக்கு வழக்கமான வைத்தியம்தான். குதிரைச் சாணி புகைந்துகொண்டிருக்கும் குழியில் கழுத்துவரை புதைந்து படுத்துக்கொள்வார்கள். சூட்டில் உடம்பு தண்ணீராக ஓடும். டார்கஸ் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தில் மொய்த்த ஈக்களை இலைக்கொத்தால் விரட்டினாள். ஊரையே கலக்குகிற ஆளின் தலை மட்டும் சாணிக்கு மேலே தெரிந்தது.

“என்ன புள்ள, உன் புருஷன் எப்படி மணக்குறான்?”

“வழக்கத்த விடப் பரவால்ல.”

அவன் சிரித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தில் ஓடுவது வியர்வை என்று அவள் நினைத்திருந்தாள்.

“டார்கஸ். ஒரு வாய் ரொட்டி குடு.”

“நாளைக்கு.”

“தலை சுத்துது. ஒரே ஒரு வாய். மேல் தோல் மட்டும். நாயிக்குப் போடுறதில்லையா நீ? அதுல பாதி.”

“சத்தியம் வாங்கினது நீ.”

“நான்தானே வாங்கினேன்? நானே திருப்பிக் குடுக்குறேன்.”

“நாளைக்குச் சாயங்காலம் ஒரு சட்டி நிறைய” என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவி இடுப்பில்தான் தொங்கியது. ஒரு எட்டு வைத்தால் வீடு. அவன் அழுதான், சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, சத்தம் போட்டு. அவள் ஈ விரட்டினாள். கல்நெஞ்சுக்காரி என்று நாம் சொல்லிவிடலாம். ஒரு வாய் ரொட்டியால் தராசு ஏறி, வீடு போயிருந்தால் மறுநாள் அவனே அவளைக் கொன்றிருப்பான். அவளுக்கு அது தெரியும்.

மறுநாள் தராசில் எடை சரியாக நின்றது. பண்ணையார் அவன் முதுகில் தட்டினார். தட்டின தட்டில் கெஸ்டர் ஓரடி முன்னால் போனான்.

டார்கஸ் எப்போதும் போலத் திருப்பக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முடிவுக் கோட்டருகே பெண்டாட்டி நின்றால் ராசியில்லை என்பது கெஸ்டரின் நம்பிக்கை. கம்பத்துக்குக் காவல் ஒபாடையா. சண்டையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு மரக்கால் வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தக் கோடியில் அவர்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. கூட்டமெல்லாம் அந்தப் பக்கம், பீர் பீப்பாய் இருக்கிற பக்கம்.

முதல் ஓட்டம் பெக் ஜெயித்தது. இரண்டாவதை ஜாஸ் டுல்லி என்பவனின் செங்குதிரை தட்டிக்கொண்டு போனது. மற்ற குதிரைகளெல்லாம் பின்தங்கி விலக்கப்பட்டுவிட்டன. மூன்றாவது ஓட்டத்துக்கு இரண்டே பேர்தான். கம்பத்தை நோக்கி வரும்போது பெக் முன்னால், டுல்லி ஒரு குதிரை நீளம் பின்னால். சாட்டை எட்டாத தூரம். யாரும் இடிக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. கெஸ்டர் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தான். தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருளுகிற மாதிரி, கையைக்கூட ஊன்றாமல் விழுந்தான். தலை முதலில் தரையில் பட்டது.

டுல்லி அவனை மிதிக்காமல் இருக்கக் கடிவாளத்தைச் சுண்டி இழுத்தான். செங்குதிரை கம்பத்துக்கு உள்பக்கமாகப் பாய்ந்து போனது. டுல்லி அதைக் கவனிக்கவில்லை. எதிராளி விழுந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில், திரும்பியும் பார்க்காமல், ஆறஅமரப் போனான்.

“உள்ள போயிட்டான்!” ஒபாடையா மரக்காலைத் தரையில் குத்திக்கொண்டு கத்தினார். “கம்பத்துக்கு உள்ள போயிட்டான்! செல்லாது, செல்லாது! இந்தக் குதிரைய யாராவது கொண்டுபோனாப் போதும்!”

டார்கஸ் அதற்குள் கெஸ்டரின் தலையை மடியில் எடுத்திருந்தாள். அவன் கண் திறந்திருந்தது.

“டுல்லி உள்ள போனானா?”

“பேசாத. அசையாத.”

“பெக் எங்க?”

பெக் ஓடிப்போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏறு புள்ள.”

“உன்ன இப்படிப் போட்டுட்டா?”

“நான் எங்க ஓடிடப் போறேன்?” அவன் சிரிக்கப் பார்த்தான். “ஒபாடையாவால ஏற முடியாது. டுல்லிகிட்ட எவனாவது சொல்லிடுவான், திரும்பி வந்துடுவான். ஏறு. வீடு, டார்கஸ். ஏறு. நான் இனிமே சாப்பிடணும்.”

அவன் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். பிற்பாடு எத்தனையோ முறை பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ள முயன்றிருக்கிறாள், ஆனால் பார்த்தாள். தலையை ஒபாடையாவின் மேல்சட்டையில் இறக்கி வைத்துவிட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகி, ஏறினாள். வேறு யாரையும் ஏற்றாத குதிரை என்றார்களே, பெக் ஒன்றுமே செய்யவில்லை. அதற்கும் களைப்பு. கம்பத்தை வெளிப்பக்கமாகச் சுற்றி முடிவுக் கோட்டை நோக்கி விட்டாள்.

பாதி தூரத்தில் டுல்லி எதிரே பறந்து வந்தான். யாரோ சொல்லிவிட்டார்கள். கம்பத்தைச் சுற்றப் போகிறவன், அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். அவள் நிறுத்தவில்லை. சின்ன வயதில் ஆற்றுக்கு ஓட்டின மாதிரி, கழுத்தோடு படுத்துக்கொண்டு ஓட்டினாள். முடிவுக் கோட்டில் கூட்டம் ஓவென்று கூவியது. கெஸ்டரிடம் திரும்பி ஓடுவதற்காக அவள் குதிக்கப் போனபோது நாலு பேர் கையை நீட்டித் தடுத்தார்கள்.

“இறங்காத! தராசுகிட்டப் போய்த்தான் இறங்கணும்! முன்னாடி இறங்கினா எல்லாம் போச்சு!”

தராசுக்காரர் மெதுவான ஆள். சேணத்தைக் கழற்றி அவள் மடியில் வைக்கச் சொன்னார். நாற்காலித் தட்டில் உட்காரச் சொன்னார். கால் தரையில் படக் கூடாது என்றார். எதிர்த்தட்டில் எடைக்கல்லை வைத்தார், பார்த்தார், இன்னும் ஒன்று வைத்தார். அவள் தட்டு இறங்கியே நின்றது. இன்னும் ஒன்று வைத்தார்.

“எடை குறையல. அதிகமாவே இருக்கு” என்றார்.

“இருக்காதா பின்ன!” கூட்டத்தில் ஒரு குரல். “ஆல்டர்சன் எலும்பாத் தேஞ்சான், அவன் பங்கையும் சேத்து இவ தின்னிருக்கா!”

மேட்டுவெளியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பண்ணையாரும் இருந்தார். டார்கஸ் சேணத்தை மடியில் கட்டிக்கொண்டு, தராசுத் தட்டில், தரையில் படாத கால்களோடு உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் தின்ற ஒவ்வொரு வாயும் இப்போது எல்லோர் முன்னாலும் நிறுக்கப்பட்டது போலிருந்தது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அவர்கள் அவளைக் கீழே விட்டதும் ஓடினாள்.

ஒபாடையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ரொட்டி இருக்கான்னு கேட்டான்மா” என்றார். “என் பையில கொஞ்சம் இருந்துச்சு. வாய்ல வெச்சேன். முழுங்கல. வாய்லயே வெச்சுக்கிட்டிருந்தான். நல்லா இருக்குன்னு சொன்னான்னு நினைக்குறேன். சரியாக் கேக்கல.”

அவள் அவன் வாயிலிருந்து ரொட்டியை விரலால் எடுத்தாள். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, ஆட்கள் வந்து தூக்குகிறவரை உட்கார்ந்திருந்தாள்.

யார்க்‌ஷயரில் சாவு விருந்தில் பன்றித்தொடை இல்லாமல் ஒருவனைப் புதைத்தால் அனாதையைப் புதைத்த மாதிரி. அடக்கம் முடிந்ததும் பக்கத்து வீட்டார் வேகவைத்த பெரிய தொடையைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கறி மணத்தது. ஒபாடையா, பக்கத்து வீட்டார், டார்கஸ், சூக்கி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சூக்கி தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள். டார்கஸ்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்போது பண்ணையார் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கறுப்புக் கையுறையைக் கழற்றாமலே நின்றுகொண்டு, கெஸ்டரைப் போல் ஒரு குதிரையோட்டி இனிப் பிறக்கப்போவதில்லை என்றார். அது உண்மைதான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மேலாள் வேலை கெஸ்டருக்குன்னு சொன்னேன். கெஸ்டர் இல்ல. வேற ஆளப் போட்டாகணும். வீடு வேலையோட போறது. உனக்கே தெரியும்.”

“ஜெயிச்சுக் குடுத்தாரே, எசமான்.”

“ஜெயிச்சான். யாரு இல்லைன்னா? அதனாலதான் ஒரு வழி யோசிச்சிருக்கேன்.” அவர் குரலில் உற்சாகம் வந்துவிட்டது, மறைக்கத் தெரியவில்லை. “நீ அன்னிக்குக் குதிரை மேல வந்தியே, அதப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. அறுவடை முடிஞ்சதும் ஒரு போட்டி வெக்கலாம். பெக் மேல நீ, எதிர்ல ஒரு ஆம்பளை. ஜனம் எங்கிருந்தெல்லாம் வரும் பாரு! ஓட்டுற வரைக்கும் வீடு உனக்கு. ஒரே ஒரு விஷயம். கொஞ்சம் எடை குறைக்கணும். ரொம்ப இல்ல. ஒரு பதினஞ்சு ராத்தல். எப்படின்னு நான் சொல்ல வேணாம், கெஸ்டர் செஞ்சத நீ பாத்திருக்கே.”

 டார்கஸ் உட்கார்ந்தாள். பண்ணையார் நிற்கும்போது அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. முள்கரண்டியை எடுத்தாள்.

“சாப்பிட்டுக்கிட்டிருக்கோம், எசமான்” என்றாள். “ஒபாடையா அண்ணே, அந்தக் கொழுப்பு இருக்கிற துண்ட இந்தப் பக்கம் தள்ளுங்க.”

“யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல. வீட்ட நினைச்சுப் பாரு, பொண்ண நினைச்சுப் பாரு.”

“அவளுக்குத்தான் மொதல்ல வெக்கணும்” என்று சொல்லி, சூக்கியின் தட்டில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். பிறகு தன் தட்டில் வைத்துக்கொண்டு தின்னத் தொடங்கினாள். அவளுக்குப் பசி இல்லை.  இறங்காத வாயை பீர் குடித்துத் தள்ளினாள், அடுத்ததை வெட்டினாள். கண்ணீர் தட்டில் விழுந்தது, அதோடு சேர்த்துத் தின்றாள். பண்ணையார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இதற்கு என்ன மரியாதை செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் குதிரை தெருவில் இறங்கிப் போகிற சத்தம் தேய்கிறவரை டார்கஸ் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நல்லாச் சாப்பிடு, சூக்கி” என்றாள். “நாளைக்கு மூட்டை கட்டணும்.”